வெந்தய டப்பா

டிசம்பர் 7, ஞாயிறு

இந்த டைரி போன பொங்கலுக்கு முத்திரைத்தாள் விற்கிறவர் கொடுத்தது. பதினொரு மாசமாக அரிசி டின்மேல் கிடந்தது. இன்றைக்குத் தூசி தட்டி எடுத்ததற்குக் காரணம், நான் நாவல் எழுதப் போகிறேன். எழுதிவைத்துவிட்டேன். இனிமேல் பின்வாங்க முடியாது.

சென்னையில் ஒரு பதிப்பகம், இதுவரை புத்தகம் போடாதவர்களிடம் முதல் அத்தியாயம் மட்டும் கேட்டிருக்கிறது. ஜனவரி 12 கடைசி நாள். பிடித்திருந்தால் மீதியையும் எழுதச் சொல்லிப் புத்தகமாகப் போடுவார்களாம். பதினாறு வருஷமாகத் திண்டிவனம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே ஒரு பத்திர எழுத்தரிடம் டைப் அடிக்கிறேன். ஊரில் பாதிப் பேரின் வீடும் நிலமும் என் விரல் வழியாகத்தான் கைமாறியிருக்கின்றன. ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்தவளுக்குத் தனக்கென்று பத்துப் பக்கம் எழுத வராதா?

காலையில் இட்லி, மத்தியானம் கருவாட்டுக் குழம்பு. நடுவில் இரண்டு பக்கம் முடித்தேன். கதாநாயகி பெயர் நிலவரசி. ஆரம்பம் கம்பீரமாக வந்திருக்கிறது.

டிசம்பர் 9, செவ்வாய்

இவரிடம் படித்துக் காட்டினேன். இவர் என்றால் கஜேந்திரன், என் வீட்டுக்காரர். மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். செப்புக் கம்பியைச் சுற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "நல்லா இருக்குது" என்றார். நேற்று ரசத்துக்கும் இதையேதான் சொன்னார். அதில் உப்பே போடவில்லை.

இவருக்குச் சர்க்கரை இருநூற்றுப் பத்து. நான் மறைத்து வைக்கும் கடலை மிட்டாயில் இந்த வாரமும் நாலு குறைகிறது. கேட்டால், "சத்தியமா நான் இல்ல பூங்கோத" என்கிறார். பின்னே டப்பா தானாகத் தின்கிறதா?

டிசம்பர் 12, வெள்ளி

சாருவிடம் கொடுத்துப் பார்த்தேன். சாருமதி இவருடைய மகள், பத்தாவது படிக்கிறாள். அவள் அம்மா மரகதம் டெங்குக் காய்ச்சலில் போய் மூன்றரை வருஷம் ஆகிறது. நான் இந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருஷம். சாரு என்னை எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை. சித்தி என்று கூப்பிடச் சொன்னார் இவர். இரண்டு நாள் கூப்பிட்டாள், சோற்றில் கல் கடிபட்ட முகத்தோடு. நான்தான் விட்டுவிடச் சொன்னேன். அதிலிருந்து "இருக்கீங்களா", "சாப்பாடு ஆயிடுச்சுங்களா" என்று மொட்டையாகப் பேசுகிறாள். மரியாதைக்குக் குறைவில்லை. எனக்கும் அதனால் ஒன்றும் இல்லை.

ஆனால் பெண் புத்தகப் பைத்தியம். புத்தகக் கடையில் முதல் பக்கத்தை நின்றபடியே படித்துவிட்டு வேண்டும், வேண்டாம் என்று அங்கேயே முடிவு சொல்லிவிடுவாள். அரையாண்டுப் பரீட்சைக்கு நடுவில் தொந்தரவு செய்ய வேண்டாமென்றுதான் இருந்தேன். சாப்பாட்டுத் தட்டோடு பேப்பரையும் பக்கத்தில் வைத்துவிட்டேன், அவ்வளவுதான்.

சோற்றைப் பிசைந்துகொண்டே படித்தாள். நான் எழுதியிருந்தது இது:

"விழுப்புரம் மாவட்டம், திண்டிவனம் வட்டம், மாரியம்மன் கோயில் தெரு, கதவு எண் 14-இல் வசித்து வந்த காலஞ்சென்ற முனுசாமி அவர்களின் மகள் நிலவரசிக்கு அப்போது வயது சுமார் இருபத்தெட்டு. அவள் வீட்டுக்கு வடக்கே பொதுப்பாதை. கிழக்கே ஏழுமலை வகையறாவின் மாடி வீடு..."

"இது வீட்ட விக்கிற மாதிரி இருக்குது" என்றாள் சாரு. "இவங்க எப்ப வருவாங்க?"

"யாரு?"

"கதாநாயகி."

"முதல் வரியிலேயே வந்துட்டாளே."

"பேரு வந்துச்சு. வயசு வந்துச்சு. நாலு பக்கமும் எல்ல வந்துச்சு. ஆள் வரலயே."

எனக்குச் சுருக்கென்றது. தட்டைக் கழுவப் போன பிறகு எடுத்துப் படித்தேன். கிரயப் பத்திரமேதான். கீழே இரண்டு சாட்சிக் கையெழுத்துப் போட்டால் பதிவு செய்துவிடலாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

மாற்றி எழுதினேன். இந்தத் தடவை எல்லையும் இல்லை, கதவு எண்ணும் இல்லை. நிலவரசியின் கண், மூக்கு, பின்னல், கொலுசு, காதோரம் ஒரு சுருள்முடி எல்லாம் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்தது. எழுதும்போது எனக்கே அவள்மேல் பொறாமை வந்துவிட்டது.

சாரு கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டுப் படித்தாள். உதட்டைக் கடித்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரியாதா எனக்கு.

"சொல்லிடு" என்றேன்.

"குளிச்சு, தல சீவி, பொட்டு வச்சிக்கினு நிக்கிறாங்க. ஒரு வேலையும் செய்யல. போட்டோ எடுக்க வந்த மாதிரி இருக்குது."

"அழகா இருக்கிறது தப்பா?"

"தப்பில்ல. ஆனா யாருன்னு தெரியல. ஒருத்தர் என்னா செய்றாங்கன்னு பாத்தாதான அவங்க யாருன்னு தெரியும்? நீங்க வந்தப்ப நாங்க அப்பிடித்தான் பாத்தோம்."

"என்ன பாத்தீங்க?"

அதற்குள் கணக்குப் புத்தகம் திறந்துவிட்டது. இந்த வீட்டில் அது திறந்தால் யாரும் பேசக் கூடாது என்பது சட்டம்.

டிசம்பர் 15, திங்கள்

நாள் முழுக்கப் பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று. எழுத ஒன்றும் இல்லை. என்ன பார்த்தார்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 21, ஞாயிறு

பொங்கலுக்கு முன்னேற்பாடாகச் சமையலறையைக் கழுவினேன். டப்பாக்களையெல்லாம் இறக்கித் துடைத்தேன். மரகதத்தின் கையெழுத்து எல்லா மூடியிலும் இருக்கிறது, கறுப்பு மார்க்கரில். 'உளுந்து (நல்லது, தோசைக்கு மட்டும்).' 'துவரை.' 'ரவை. பூச்சி இருக்கும், பார்.' பார் என்று யாருக்குச் சொன்னாளோ. நான் பார்க்கிறேன். ஒருதடவைகூட ஏமாற்றவில்லை, பூச்சி இருக்கத்தான் இருக்கிறது.

வந்த புதிதில் ரேணுகா அண்ணி, இவருடைய அக்கா, "இதெல்லாம் எடுத்துட்டு உன் இஷ்டத்துக்கு வச்சிக்க" என்றார். ஸ்டிக்கர்கூட வாங்கி வந்தேன். கல்யாணமாகி மூன்றாம் நாள் இட்லிக்கு ஊறப்போட வெந்தயம் தேடினேன். கீழ்த்தட்டில் 'வெந்தயம்' என்று எழுதிய டப்பா. திறந்தால் உள்ளே கடலை மிட்டாய். இரண்டு வருஷத்துப் பழசு, எண்ணெய் நாற்றம் அடித்தது. இனிப்பு சாப்பிடக் கூடாத புருஷன் எதைத் திறந்தாலும் வெந்தயத்தைத் திறக்கமாட்டான் என்று ஒளித்து வைத்திருக்கிறாள். அடுப்படியில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். அந்தப் பெண்ணை எனக்கு அந்த நிமிஷமே பிடித்துப்போயிற்று. முகத்தைக்கூடப் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன்.

பழசைக் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவிக் காயவைத்துப் புது மிட்டாய் போட்டு அதே இடத்தில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. ஸ்டிக்கர் இன்னும் பிரிக்காமல் கிடக்கிறது. வெந்தயத்தைப் பழைய ஊறுகாய் பாட்டிலில் வைத்துக்கொள்கிறேன். ஒளித்து வைக்கிறவள் ஏன் கீழ்த்தட்டில் வைத்தாள் என்பதுதான் இன்றுவரை புரியவில்லை. மேல்தட்டுக்குத்தான் ஸ்டூல் வேண்டும்.

டப்பாவில் இன்றைக்கு மூன்று குறைகிறது. இவரிடம் கேட்டேன். சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார். மனுஷனுக்கு நெஞ்சழுத்தம்.

டிசம்பர் 23, செவ்வாய்

வந்துவிட்டது. ஆபீசில் ஒரு தானப் பத்திரத்துக்கு நடுவில், யாருடையதோ பட்டா நகலின் பின்பக்கத்தில் எழுதினேன்.

"அந்த வீட்டில் வெந்தய டப்பாவில் வெந்தயம் இருக்காது. புதிதாக வந்தவள் அதை மூன்றாம் நாள்தான் கண்டுபிடித்தாள்."

அதன் பிறகு கை நிற்கவில்லை. கதாநாயகி கதை தொடங்குமுன்பே இறந்துபோனவள். இன்னொருத்தி அவளுடைய சமையலறைக்குள் நுழைந்து, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து அவளை அறிந்துகொள்கிறாள். கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. ஆனால் இரண்டாம் பக்கத்திலேயே ஆள் வந்து உட்கார்ந்துவிட்டாள். பெயர்கூட மாற்றவில்லை, மரகதம் என்றே வந்தது.

சாருவுக்கு இன்றோடு பரீட்சை முடிந்தது. வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவிடாமல் கையில் கொடுத்தேன். எழுதின சந்தோஷத்தில் யாரிடம் கொடுக்கிறேன் என்பதே எனக்கு உறைக்கவில்லை. அது உறைத்தது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான்.

முதல் பக்கம் படித்தாள். இரண்டாம் பக்கத்தைப் பாதியில் நிறுத்தினாள். மடித்து மேஜைமேல் வைத்தாள். "கால் கழுவிட்டு வரேன்" என்று உள்ளே போனவள் சாப்பிடவும் வரவில்லை.

டிசம்பர் 24, புதன்

பேசவில்லை. பரீட்சைக் களைப்பாக இருக்கும்.

டிசம்பர் 26, வெள்ளி

களைப்பு இல்லை. எனக்குத் தெரியும். ஒரு பெண்ணின் செத்த அம்மாவை எடுத்து, அவளை ஒரு வார்த்தை கேட்காமல், நாவலில் வைத்துவிட்டேன். அவளுக்கென்று மிச்சமிருந்ததே அந்த நாலு டப்பாவும் கையெழுத்தும். ஊரான் சொத்துக்கு வில்லங்கச் சான்று பார்க்காமல் ஒரு பத்திரம் அடித்ததில்லை நான். இதற்கு மட்டும் பார்க்கத் தோன்றவில்லை.

டிசம்பர் 28, ஞாயிறு

மிட்டாய் ஒன்றுகூடக் குறையவில்லை. அஞ்சு நாளாக அப்படியே இருக்கிறது. இவருக்குத்தான் புத்தி வந்துவிட்டது போலிருக்கிறது.

ரேணுகா அண்ணி போன் செய்தார். சுமங்கலியாகப் போன பெண்ணுக்கு வருஷம் ஒருமுறை புதுப்புடவை வைத்துப் படைப்பது இவர்கள் குடும்ப வழக்கம். பூவாடைக்காரி படையல் என்பார்கள். போன வருஷம் அண்ணி வீட்டிலேயே முடித்துவிட்டார்கள். "இந்த வருஷம் உங்க வூட்ல வச்சிக்கலாம். ஒன்பதாம் தேதி வெள்ளி. புடவ நீதான் எடுக்கணும் பூங்கோத" என்றார்.

இவரிடம், மரகதத்துக்கு என்ன கலர் பிடிக்கும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. "மாம்பழக் கலரு. பொண்ணு பாக்கப் போனன்னிக்கு அதான் கட்டியிருந்தா. அப்பிடியே மனசுல நின்னுபோச்சு. பதினஞ்சு தீபாவளிக்கும் அதே கலருதான் எடுத்துக் குடுத்தேன்" என்றார். குரல் கொஞ்சம் இறங்கியது.

ஜனவரி 1, வியாழன்

டைரியில் பக்கம் தீர்ந்துபோயிற்று. முன்பக்கம் திரும்பி, காலியாகக் கிடக்கும் ஜனவரியில் எழுதுகிறேன். கிழமை பொருந்தவில்லை, அடித்துத் திருத்திக்கொண்டேன்.

முடிவு செய்துவிட்டேன். அந்த அத்தியாயத்தை அனுப்பப் போவதில்லை. நாவல் இல்லாமல் முப்பத்தொன்பது வயசுவரை வந்தாயிற்று. சாரு மொட்டையாகவாவது பேசிக்கொண்டிருந்தாள், அந்தப் பேச்சுகூட இல்லாத வீட்டில் எனக்கு இருக்கப் பிடிக்கவில்லை. அவள் முறை சொல்லிக் கூப்பிடாதது எனக்கு ஒன்றும் இல்லை என்று மேலே எழுதியிருக்கிறேன். அது பொய்.

ஜனவரி 3, சனி

சாருவைக் கூப்பிட்டேன், "புடவ எடுக்க வரியா?" என்று. தலையை ஆட்டினாள். வண்டியில் என் பின்னால் பையைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்து வந்தாள்.

கடையில் மாம்பழக் கலரில் அரக்கு பார்டர் போட்டதை எடுத்து விரிக்கச் சொன்னேன். நல்ல புடவை. "இதையே பேக் பண்ணிடுங்க" என்று சொல்லி முடிக்கவில்லை.

"வாணாம்" என்றாள் சாரு.

பத்து நாளைக்கு அப்புறம் அவள் பேசிய முதல் வார்த்தை. கடைப் பெண்ணும் நானும் அவளையே பார்த்தோம்.

"அப்பாதான் சொன்னாரு" என்றேன். "பொண்ணு பாக்க வந்தப்ப அதான் கட்டியிருந்தாங்களாம்."

"அது அம்மாவுது இல்ல. அவங்களோட பெரியம்மா பொண்ணோடது. அன்னிக்கு அம்மாகிட்ட நல்லதா இல்லன்னு கட்டிவிட்டாங்க. அம்மாவுக்கு அந்தக் கலரே ஆவாது. அப்பா ஆசையா எடுத்தாந்து குடுப்பாராம், எப்பிடிச் சொல்றதுன்னு விட்டுட்டாங்க. என்கிட்ட மட்டும்தான் சொன்னாங்க."

பதினைந்து வருஷம் ஒரு மனுஷன், இரவல் புடவையில் பார்த்த பெண்ணோடு குடும்பம் நடத்தியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு முட்டியது. சாருவைப் பார்த்தால் அவளும் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு பேரும் அந்தக் கடையில் விழுந்து விழுந்து சிரித்தோம். கடைப் பெண் புடவையை மடிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"அப்ப என்ன கலரு?"

"கத்திரிப்பூ கலரு. மெல்லிசா பார்டரு. சரிகை குத்தக் கூடாது, கழுத்துல அரிக்கும்."

அப்படியே கிடைத்தது. வெளியே கரும்புச் சாறு குடித்தோம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நானே ஆரம்பித்தேன். "சாரு, அந்தக் கதைய நான் அனுப்பல. உன்னக் கேக்காம எழுதினது தப்பு. கிழிச்சுப் போட்டுடறேன்."

ஸ்ட்ராவைக் கடித்துக்கொண்டிருந்தாள். "எழுதினதுக்குக் கோவம் இல்ல" என்றாள். "தப்பா எழுதிட்டீங்க. ஒளிச்சு வச்சாங்கன்னு."

"பின்ன?"

"அப்பாகிட்டருந்துதான் ஒளிச்சு. நான் எடுக்கணும்னுதான் வச்சாங்க. கீழ்த்தட்டுல யாராவது ஒளிச்சு வைப்பாங்களா? எனக்கு எட்டணும்னு அங்க வச்சாங்க. நான் எடுப்பேன், அவங்க பாக்காத மாதிரி இருப்பாங்க. தீர்ந்தா மறுபடி ரொம்பிடும். ஒருநாள்கூட ரெண்டு பேரும் அதப் பத்திப் பேசினதில்ல."

ஒன்றரை வருஷமாகப் புரியாத கீழ்த்தட்டு, சாறு வண்டிப் பக்கத்தில் நின்றபடி புரிந்தது.

"அத எழுதுங்க" என்றாள். "பேர மாத்திடுங்க. டப்பாவ மாத்தாதீங்க."

வீட்டுக்கு வந்து உடனே உட்கார்ந்தேன். கஞ்சி பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

எட்டுப் பக்கம். சாரு பென்சிலால் ஆறு இடத்தில் அடித்திருக்கிறாள். ஆறும் சரி. கீழ்த்தட்டு வரும் இடத்தில் மட்டும் ஓரமாக ஒரு 'ம்' போட்டிருக்கிறாள்.

மிட்டாயில் இரண்டு குறைகிறது. மரகதம் காலத்தில் எடுத்தது சாரு. இப்போது எடுப்பது இவர்தான், சந்தேகமே இல்லை. மறுபடியும் ஆரம்பித்துவிட்டார்.

ஜனவரி 9, வெள்ளி

விடிகாலையிலிருந்து வேலை. வடை, பாயசம், பூசணிக்காய்ப் பொரியல், மரகதத்துக்குப் பிடித்த எலுமிச்சைச் சாதம். சுவரோரம் கோலம் போட்டு, நிறைகுடம் வைத்து, மரகதத்தின் படத்துக்கு முன்னால் புடவையை விரித்து அதன்மேல் பூவும் வளையலும் வைத்தோம். இவர் புடவையைப் பார்த்துவிட்டு, "மாம்பழக் கலரு கிடைக்கலயா?" என்றார். நானும் சாருவும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. "ஸ்டாக் இல்லப்பா" என்றாள் சாரு. பதினைந்து வருஷம் மரகதம் காப்பாற்றியதை இரண்டு பேருமாகப் போட்டு உடைக்க மனசு வரவில்லை.

கற்பூரம் காட்டி முடிந்ததும் ரேணுகா அண்ணி புடவையை எடுத்தார். படைத்த புடவையை வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொண்டுதான் சாப்பாடு பரிமாற வேண்டும். போன வருஷம் அண்ணியே கட்டிக்கொண்டாராம். "சாரு, நீ பெரிய பொண்ணு ஆயிட்ட. பெத்தவ புடவ மவளுக்குத்தான்" என்று அவள் கையில் கொடுத்தார்.

சாரு புடவையை முகத்துக்கு நேரே வைத்து ஒரு நிமிஷம் மோந்து பார்த்தாள். புதுத்துணி வாசனைதான் இருந்திருக்கும். பிறகு அடுப்படி வாசலில் வடைத் தட்டோடு நின்ற என்னிடம் வந்தாள்.

"நீங்க கட்டிக்கினு வாங்க" என்றாள். "எனக்கு மடிப்பு புடிக்க மட்டும்தான் வரும்."

அண்ணி ஏதோ சொல்ல வந்தார். இவர், "வுடுக்கா" என்றார்.

ரூமில் சாருதான் கொசுவம் மடித்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து கீழ்மடிப்பை இழுத்து நேராக்கினாள். "அம்மாவுக்கும் நான்தான் புடிப்பேன்" என்றாள். ஊக்கு குத்தும்போது, "ஆடாம நில்லுங்க" என்று அதட்டினாள். நான் ஆடவில்லை, அழுதுகொண்டிருந்தேன். தோள் தானாகக் குலுங்கியது. அவளும் பாதியில் ஊக்கை விட்டுவிட்டு என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெளியே பாயசம் ஆறிப்போனதாக அண்ணி குரல் கொடுத்தார்.

சரிகை குத்தவே இல்லை.

ஜனவரி 11, ஞாயிறு

அத்தியாயத்தை ஆபீசிலேயே டைப் அடித்து எடுத்து வந்துவிட்டேன். அனுப்பும்போது இன்னொன்று கேட்டிருக்கிறார்கள் என்பதை இன்றைக்குத்தான் பார்த்தேன். எழுதியவர் பற்றி நாலு வரி.

போனில் ஒரு மணி நேரம் தட்டிப் போராடினேன். "விழுப்புரம் மாவட்டம், திண்டிவனம் நகரில் வசிக்கும் கஜேந்திரன் அவர்களின் மனைவி பூங்கோதை, வயது 39" என்று வந்தது. சாரு எட்டிப் பார்த்தாள்.

"மறுபடியும் பத்திரமா?"

"என்னப் பத்தி நான் என்னத்த எழுதறது? வேற ஒண்ணும் தெரியல."

"குடுங்க இப்பிடி" என்று போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. கட்டைவிரலால் தட்டிவிட்டு என் கையில் கொடுத்தாள்.

"பூங்கோதை திண்டிவனத்தில் பத்திரம் டைப் அடிக்கிறார். ரசத்துக்கு உப்புப் போட மறந்துவிடுவார். அவர் வீட்டில் வெந்தய டப்பாவில் வெந்தயம் இருக்காது. மிட்டாயை எடுப்பது அவர் கணவர் இல்லை, மகள்."

மூன்று தடவை படித்தேன்.

"சரியா இருக்குதா?" என்றாள். நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு எழுத்தையும் தொடாத" என்றேன்.

அவளையே அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். இவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், ஒன்றரை வருஷமாகப் பாவம் சத்தியம் செய்துகொண்டிருக்கிறார். டப்பாவில் ஒன்றுதான் மிச்சம். நாளைக்கு ஆபீஸ் முடிந்து வரும்போது மிட்டாய் வாங்க வேண்டும்.